“அப்ப உங்க ஆளு?” – சர்ச்சைப் பிரபலங்களும் ‘ரெண்டும் ஒண்ணுதான்’ வாதமும்

பழையபேப்பர் (இழையைத் தொடங்கியவர்)

2018 மே மாதக் கடைசி வாரம். 29ஆம் தேதி டிரம்ப் ஆதரவாளரான நடிகை ரோசேன் பார், ஒபாமாவின் ஆலோசகராக இருந்த கறுப்பினப் பெண்மணி வேலரி ஜாரெட்டைக் குரங்குகளோடு இணைத்து ஒரு ட்வீட் போட்டார். அன்றைக்கே ஏபிசி தொலைக்காட்சி அவருடைய தொடரை நிறுத்தியது. நஷ்டத்தில் ஓடிய தொடர் அல்ல அது, அந்தப் பருவத்தில் கொடிகட்டிப் பறந்த தொடர். மறுநாள், நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தும் சமந்தா பீ, டிரம்ப்பின் மகள் இவாங்காவை அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல்லால் திட்டினார். மன்னிப்புக் கேட்டார். விளம்பரதாரர்கள் சிலர் கழன்றுகொண்டார்கள். நிகழ்ச்சி தொடர்ந்தது.

“அவருக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயமா?” என்று ஒரு பக்கம். “இனவெறியும் கெட்ட வார்த்தையும் ஒன்றா?” என்று இன்னொரு பக்கம். அந்த வாரம் முழுக்க அமெரிக்காவில் இதே கூச்சல். இத்தனை வருஷம் கழித்தும் இந்தச் சண்டை தீரவில்லை, பெயர்கள்தான் மாறுகின்றன.

எனக்கு இரண்டு கேள்விகள். இந்தச் சர்ச்சைப் பிரபலங்களால் அரசியலில் உண்மையிலேயே ஏதாவது நகர்கிறதா? “ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்வது எப்போது நியாயம், எப்போது தப்பித்தல்?

மட்டுறுத்துநர்

நல்ல தலைப்பு. ஒரே ஒரு நிபந்தனை: உள்ளூர் நடிகர், உள்ளூர்க் கட்சி பெயர்கள் வேண்டாம். போன முறை இழையைப் பூட்டுவதற்குள் எனக்கு விடிந்துவிட்டது.

அரைவட்டம்

பூட்டுச் சாவியைக் கையிலேயே வெச்சுக்கோங்க சார்.

கறார்

மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம். இதுக்கு மேல இந்த இழைல பேச என்ன இருக்கு?

சரி, கேட்டதுக்காகச் சொல்றேன். டெட் நியூஜென்ட்னு ஒரு ராக் கிதார்காரர். 2012ல துப்பாக்கிச் சங்க மாநாட்டுல, ஒபாமா திரும்ப ஜெயிச்சா அடுத்த வருஷம் இந்நேரம் நான் செத்திருப்பேன் இல்ல ஜெயில்ல இருப்பேன்னு பேசினார். ஜனாதிபதிக்குப் பாதுகாப்புக் கொடுக்கிற ரகசியச் சேவைப் பிரிவு அவரைக் கூப்பிட்டு விசாரிச்சு, ஒண்ணும் இல்லைன்னு விட்டுருச்சு. ஆனா ஊடகம் விட்டுச்சா? ஒரு வருஷத்துக்குத் தின்னுச்சு.

அதே 2012ல காமெடியன் பில் மேஹர் ஒபாமாவுக்கு ஆதரவான அமைப்புக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். 2008ல குடியரசுக் கட்சி சார்புல துணை ஜனாதிபதி பதவிக்கு நின்ன சாரா பேலினைப் பத்தி அவர் பேசின வார்த்தைகளை இங்க டைப் பண்ணா மட்டுறுத்துநர் என்னைத்தான் தடை பண்ணுவார். பணத்தைத் திருப்பிக் கொடுங்கன்னு கேட்டாங்க. கொடுக்கல. நியூஜென்ட் பேசினா ஆபத்து, மேஹர் பேசினா நகைச்சுவை. கணக்கு சரியா இருக்கா?

எண்ணிக்கை

முதல் கேள்வியை எல்லோரும் தாண்டிவிடுவதற்குள் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிரபலம் சொன்னதும் கூட்டமாக ஓட்டு மாறும் என்பதற்கு ஆதாரம் மெலிவு. பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2018 அக்டோபரில் டென்னசி மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் செனட் வேட்பாளர் பில் பிரெடெசனை ஆதரித்தார். பிரெடெசன் பத்துப் புள்ளிக்கும் மேலான வித்தியாசத்தில் தோற்றார். 2024 செப்டம்பரில் கமலா ஹாரிஸை ஆதரித்து ஒரு இணைப்பைப் பகிர்ந்தார். 24 மணி நேரத்தில் 4 லட்சத்துக்கும் அதிகமானோர் அதன் வழியாக வாக்காளர் பதிவுத் தளத்துக்குப் போனார்கள். ஹாரிஸ் தோற்றார். ராப் பாடகர் கான்யே வெஸ்ட் 2020இல் தானே ஜனாதிபதி தேர்தலில் நின்றார். 12 மாநிலங்களில் பெயர் இருந்தும் ஒரு லட்சம் ஓட்டைத் தொடவில்லை.

மறுபக்கம் ஒன்று உண்டு. 2008 ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் ஆதரவு ஒபாமாவுக்கு ஏறக்குறைய பத்து லட்சம் ஓட்டு கொண்டுவந்ததாக கார்த்வெயிட், மூர் என்ற இரு பொருளியலாளர்கள் கணித்தார்கள். ஓப்ராவின் பத்திரிகை எந்த மாவட்டத்தில் அதிகம் விற்றது, அவர் பரிந்துரைத்த புத்தகங்கள் எங்கே விற்றன என்பதையெல்லாம் ஓட்டு எண்ணிக்கையோடு பொருத்திப் பார்த்த ஆய்வு. ஆனால் அது உட்கட்சிப் போட்டி. இரண்டு பேரும் ஒரே கொடி. கட்சி அடையாளம் குறுக்கே நிற்காத இடத்தில் பிடித்த முகம் தராசைச் சாய்க்கும். கொடிகள் வேறானால் அந்த முகத்துக்கு அத்தனை கனம் இல்லை.

இதில் கவனியுங்கள், ஓப்ராவும் ஸ்விஃப்டும் சர்ச்சைப் பிரபலங்களே அல்லர்.

மின்மினி

அந்தக் கடைசி வரியிலிருந்து பிடிக்கிறேன். சர்ச்சைப் பிரபலத்தைக் கட்சி எதுக்கு மேடையேத்துது? நடுவுல நிக்கிறவனை இழுக்க இல்ல. ஏற்கெனவே நம்ம பக்கம் இருக்கிறவனைச் சூடாக்க. கூட்டம் சேரும், நன்கொடை வரும், காமெரா வரும்.

கறார் சொன்ன நியூஜென்ட்டையே எடுத்துக்கலாம், ஏன்னா அவர் கதையைப் பாதியில நிறுத்திட்டார். 2014 ஜனவரியில ஒபாமாவை மனுஷனுக்குக் கீழான கலப்பினப் பிறவின்னு சொன்னார். அடுத்த மாசமே குடியரசுக் கட்சியோட டெக்சாஸ் கவர்னர் வேட்பாளர் கிரெக் அபாட் அவரைப் பக்கத்துல நிக்கவெச்சுப் பிரச்சாரம் பண்ணார். எதிர்ப்பு கிளம்பின பிறகு நியூஜென்ட் ஒரு மாதிரி மன்னிப்புக் கேட்டார். அபாட் நவம்பர்ல சுலபமா ஜெயிச்சார்.

அபாட்டுக்கு ஓட்டு கூடிச்சா குறைஞ்சுதான்னு பார்த்தா ஒண்ணுமே ஆகலைன்னு தோணும். எனக்கு வேற ஒண்ணு தெரியுது. அந்த மாதிரி பேசின ஒருத்தர் ஒரு பெரிய மாநிலத்தோட வருங்கால கவர்னருக்குப் பக்கத்துல நிக்கலாம்ங்கிறது அன்னைக்கு முடிவாச்சு. வாசல் உயரம் குறைஞ்சா அடுத்து வர்றவன் குனிய வேண்டியதில்ல.

கறார்

//அந்த மாதிரி பேசின ஒருத்தர்//

அக்கா, மேஹர் காசை வாங்கினப்போ உங்க வாசல் எவ்வளவு உயரத்துல இருந்துச்சு?

மின்மினி

எங்க வாசலா? நான் எந்தக் கட்சிக்கும் திண்ணைகூட கட்டல.

மேஹர் பேசினது அசிங்கம்தான். ஆனா ஒரு சின்னத் தகவல்: 2001 செப்டம்பர் தாக்குதல் முடிஞ்சு ஒரு வாரத்துக்குள்ள, விமானத்தைக் கொண்டு மோதினவங்களைக் கோழைகள்னு சொல்ல முடியாதுங்கிற மாதிரி பேசி, விளம்பரதாரர்கள் ஓடி, 2002ல ஏபிசி அவர் நிகழ்ச்சியை மூடிருச்சு. அவருக்குத் தண்டனையே கிடைச்சதில்லைங்கிறது சரியில்ல.

அரைவட்டம்

ஏபிசிக்கு நிகழ்ச்சி மூடுறது ஒரு பொழுதுபோக்கு போல.

பழையபேப்பர்

கறாரின் ஒப்பீட்டில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும். 2012இல் வானொலிக்காரர் ரஷ் லிம்பா, கருத்தடைச் செலவுக்குக் காப்பீடு வேண்டும் என்று பேசிய ஒரு சட்டக் கல்லூரி மாணவியை மூன்று நாள் தொடர்ந்து கேவலப்படுத்தினார். ஒபாமா அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். அந்த வாரத்திலேயேதான் மேஹர் பணம் பற்றிய கேள்வியும் எழுந்தது. பதில் என்ன வந்தது? அவர் வெறும் நகைச்சுவைக்காரர், லிம்பாவோ குடியரசுக் கட்சிக்கே வழிகாட்டி, இரண்டும் ஒன்றல்ல என்று வந்தது.

வித்தியாசம் இருக்கிறது என்பது உண்மைதான். லிம்பா திட்டியது அரசியலுக்குப் புதிதாக வந்த ஒரு மாணவியை. மேஹர் திட்டியது துணை ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்டவரை. ஆனால் அந்த வித்தியாசத்தை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். “இவருக்குக் கொஞ்சம் குறைந்த கண்டனம்” என்று சொல்லப் பயன்படுத்தவில்லை. கண்டனமே வேண்டாம் என்று சொல்லப் பயன்படுத்தினார்கள். அங்கேதான் இடறுகிறது.

அதாவது “ரெண்டும் ஒண்ணுதான்” மட்டுமல்ல, “ரெண்டும் ஒண்ணே இல்ல” என்பதும் தப்பிக்கும் வழியாக முடியும்.

கறார்

இதைத்தானே அண்ணே நான் முதல்லேர்ந்து சொல்றேன்.

மின்மினி

இல்ல கறார், நீங்க சொன்னது அதுல பாதி. நியூஜென்ட் பேசினது தப்புன்னு உங்க பதிவுல எங்கேயாவது இருக்கா? நானும் மேல ஏறிப் போய்த் தேடிப் பார்த்தேன்.

ஒத்தையடி

படிக்க மட்டும் வருகிற ஆள் நான். ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

எல்லோரும் இந்த “அப்ப நீ?” கேள்வியை வெறும் தந்திரமாகப் பார்க்கிறீர்கள். பனிப்போர்க் காலத்தில் சோவியத் யூனியன் மீது அமெரிக்கா எந்தக் குற்றச்சாட்டு வைத்தாலும், “உங்கள் ஊரில் கறுப்பர்களை மரத்தில் தொங்கவிடுகிறீர்களே” என்று பதில் வரும். ரஷ்யாவில் அது ஒரு கேலி வாசகமாகவே ஆகிவிட்டது. தந்திரம்தான். தங்கள் சிறை முகாம்களை மறைக்கத்தான் அதைச் சொன்னார்கள். ஆனால் தொங்கவிட்டதும் நிஜம்.

1952இல் பள்ளிகளில் நிறப்பாகுபாடு பற்றிய பிரவுன் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, அந்நாட்டு நீதித்துறையே மனுப் போட்டது. இந்தப் பாகுபாடு கம்யூனிஸ்ட் பிரச்சாரத்துக்குத் தீனி போடுகிறது, உலகத்தின் முன்னால் நம் வாயை அடைக்கிறது என்பது அதில் ஒரு வாதம். 1954இல் தீர்ப்பு பாகுபாட்டுக்கு எதிராக வந்தது. சோவியத் கேலி மட்டும் அதைச் சாதித்தது என்று சொல்லவில்லை, பல பத்தாண்டுப் போராட்டம் அது. ஆனால் எதிராளி கெட்ட எண்ணத்தோடு நீட்டிய கண்ணாடியிலும் நம் முகம் தெரியத்தான் செய்யும்.

கேட்டவன் யோக்கியனா என்பது வேறு. கேள்விக்குப் பதில் இருக்கிறதா என்பது வேறு.

அரைவட்டம்

படிக்க மட்டும் வர்ற ஆளாம். தினமும் வாங்க ஐயா.

எண்ணிக்கை

‘சர்ச்சை’ என்கிற சொல்லையே ஒருமுறை உதறிப் பார்க்க வேண்டும். முகமது அலி 1967இல், வியட்நாம் போர் நடந்தபோது, ராணுவத்தில் சேர மறுத்தார். பட்டம் பறிபோனது, ஐந்து வருட சிறைத் தண்டனை விதித்தார்கள், மூன்று வருடத்துக்கும் மேல் குத்துச்சண்டை மேடை ஏற முடியவில்லை. 1971இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அந்தக் காலத்தில் அவரைவிடச் சர்ச்சைக்குரிய விளையாட்டு வீரர் யார்? நடிகை ஜேன் ஃபோண்டா 1972இல் வட வியட்நாமின் தலைநகர் ஹனோய் போய் விமான எதிர்ப்புப் பீரங்கி மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். 1988இல் தொலைக்காட்சியில் முன்னாள் ராணுவ வீரர்களிடம் அதற்கு மன்னிப்புக் கேட்டார். இருவரும் ஒரே போரை எதிர்த்தவர்கள். ஒருவர் தன் உடம்பையும் வருமானத்தையும் பணயம் வைத்தார். இன்னொருவர் செய்ததை அவரே பிழை என்கிறார். ‘போரை எதிர்த்த சர்ச்சைப் பிரபலங்கள்’ என்று இரண்டு பேரையும் ஒரே பையில் போட்டால் எதுவுமே விளங்காது.

கறார்

ஃபோண்டா படத்தை மன்னிக்கலாம், நியூஜென்ட் பேச்சை மன்னிக்கக் கூடாதா?

எண்ணிக்கை

மன்னிக்கச் சொல்லவில்லையே. அவரே பிழை என்று ஒத்துக்கொண்டார் என்றுதான் சொன்னேன்.

நடுச்சாமம்

தூக்கம் வராம இதைப் படிச்சிட்டிருக்கேன். பிலிப்பைன்ஸ் உதாரணம் யாரும் சொல்லலியே? குத்துச்சண்டை வீரர் மேனி பக்கியாவ் 2016 பிப்ரவரியில ஓரினச் சேர்க்கையாளர்கள் விலங்கைவிட மோசம்னு பேசினார். நைக்கி ஒப்பந்தத்தை முறிச்சுது. மே மாசம் ஒன்றரைக் கோடிக்கும் மேல ஓட்டு வாங்கி செனட்டர் ஆயிட்டார். காலணி விக்கிறவனுக்கு இருக்கிற கோடு ஓட்டுப் போடுறவனுக்கு இல்ல. இல்ல, ஓட்டுப் போடுறவனுக்கு வேற கோடு.

இத்தாலில பெப்பே கிரில்லோ இன்னும் வேடிக்கை. காமெடியன், கட்சி ஆரம்பிச்சார், தண்டனை பெற்றவங்க யாரும் வேட்பாளரா நிக்கக் கூடாதுன்னு விதி போட்டார். அவர் மேலயே 80களில் நடந்த ஒரு கார் விபத்துல மூணு பேர் செத்த வழக்குல தண்டனை இருந்துச்சு. அதனால அவரே நிக்கல. 2013ல கட்சி நாலுல ஒரு பங்கு ஓட்டு வாங்கிச்சு. அவரோட மத்த அரசியல் எனக்குப் பிடிக்காது, ஆனா தான் போட்ட விதில தானும் மாட்டிக்கிட்ட மனுஷன், அதை ஒத்துக்கணும்.

மின்மினி

கிரில்லோ தகவல் எனக்குப் புதுசு, நன்றி. தூங்குங்க.

பழையபேப்பர்

தன் விதியில் தானே மாட்டுவது பற்றிப் பேச்சு வந்ததால், நான் இந்த இழையைத் தொடங்கியதற்கு உண்மையான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அல் ஃபிராங்கன்.

தொலைக்காட்சி நகைச்சுவைக்காரர், பிறகு மின்னசோட்டா செனட்டர், ஜனநாயகக் கட்சி. 2017 நவம்பரில் பெண்கள் சிலர் அவர் மீது அத்துமீறல் புகார் சொன்னார்கள். ஒரு புகைப்படமும் வெளிவந்தது. தூங்கிக்கொண்டிருக்கும் பெண்ணின் மேல் கையை நீட்டியபடி காமெராவைப் பார்த்துச் சிரிக்கிறார். அதே நேரத்தில் அலபாமாவில் குடியரசுக் கட்சி செனட் வேட்பாளர் ராய் மூர் மீது மிக மோசமான புகார்கள், 14 வயதுச் சிறுமி சம்பந்தப்பட்டது உட்பட. மூர் மறுத்தார், களத்தில் நின்றார்.

உடனே தராசு வந்தது. மூரைப் பற்றிக் கேட்டால் “ஃபிராங்கன்?”, ஃபிராங்கனைப் பற்றிக் கேட்டால் “மூர்?”. பாவம், புகார் சொன்ன பெண்கள் யாரும் எந்தத் தட்டிலும் இல்லை. அதுதான் இந்த விளையாட்டின் கொடுமை. இரண்டு ஆண்களை எதிரெதிரே நிறுத்தியதும் பாதிக்கப்பட்டவர்கள் அறையை விட்டே போய்விடுகிறார்கள்.

ஃபிராங்கனின் சொந்தக் கட்சி செனட்டர்களே, கிர்ஸ்டன் ஜில்லிபிராண்ட் முன்னின்று, அவரை விலகச் சொன்னார்கள். டிசம்பர் 7 அன்று விலகல் உரை. அதில் அவர் சொன்னது: பாலியல் அத்துமீறலைப் பெருமையாகப் பேசி ஒலிப்பதிவில் சிக்கியவர் வெள்ளை மாளிகையில் இருக்கிறார், சிறுமிகளைத் துரத்தியவர் கட்சியின் முழு ஆதரவோடு செனட்டுக்கு நிற்கிறார், நான் போகிறேன், இதில் ஒரு முரண் இருக்கிறது என்று. ஐந்து நாள் கழித்து மூர் மயிரிழையில் தோற்றார்.

இதையே 2016 அக்டோபரோடு வைத்துப் பாருங்கள். டிரம்ப்பின் அந்த ஒலிப்பதிவு வெளிவந்ததும் அவர் கொடுத்த முதல் விளக்கத்திலேயே, பில் கிளின்டன் (எதிர்த்து நின்ற ஹிலாரியின் கணவர்) கோல்ஃப் மைதானத்தில் என்னிடம் இதைவிட மோசமாகப் பேசியிருக்கிறார் என்ற வரி இருந்தது. இரண்டு நாள் கழித்து, கிளின்டன் மீது புகார் சொன்ன பெண்களை விவாத அரங்குக்கே அழைத்துவந்தார்.

இருவரும் செய்தது ஒப்பீடுதான். கிளின்டன் மீதான புகார்களும் கற்பனை அல்ல, அவற்றுக்குப் பதில் வேண்டும்தான். ஆனால் ஒருவர் விலையைக் கொடுத்துக்கொண்டே ஒப்பிட்டார், இன்னொருவர் விலை கொடுக்காமலிருக்க ஒப்பிட்டார்.

கறார்

அண்ணே, ஃபிராங்கன் விருப்பப்பட்டா போனார்? கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினாங்க. பின்னால அந்தச் செனட்டர்கள்ல சில பேரே, அவசரப்பட்டுட்டோம், விசாரணை முடியட்டும்னு விட்டிருக்கணும்னு வருத்தப்பட்டாங்க. 2019ல பத்திரிகைல வந்துச்சு. இடத்துக்கு அதே கட்சி ஆள் டீனா ஸ்மித் வந்தாங்க. கட்சிக்கு ஒரு நஷ்டமும் இல்ல. காலி இடத்துக்கு ஆள் போடுற கவர்னர் எதிர்க்கட்சிக்காரரா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பாங்கன்னு பார்த்திருக்கணும்.

பழையபேப்பர்

நல்ல கேள்வி. என்னிடம் பதில் இல்லை. நஷ்டம் இல்லாத இடத்தில் நேர்மை சுலபம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ‘விலையைக் கொடுத்துக்கொண்டே’ என்று நான் எழுதியதையும் ‘விலையைக் கொடுக்க வைக்கப்பட்டு’ என்று திருத்திக்கொள்ளுங்கள்.

மின்மினி

எனக்கு அந்த வருத்தத்துல பாதிக்குத்தான் உடன்பாடு. விசாரணை நடந்திருக்கணும், சரி. ஆனா “நாம மட்டும் ஏன் ஒழுங்கா இருக்கணும், அவங்க இல்லையே”ங்கிற குரலும் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. அது அடுத்த ஆளுக்கு வாசலைத் திறந்துவிடுற குரல்.

ஒரு சோதனை வெச்சுப் பார்க்கலாமா? அவங்கவங்களுக்குப் பிடிச்ச பக்கத்துப் பிரபலம் ஒருத்தர், அவர் செஞ்ச ஒரு தப்பு. ஒரே வாக்கியத்துல எழுதணும். ‘ஆனா’ வரக் கூடாது. வாக்கியம் முற்றுப்புள்ளியில முடியணும்.

நானே ஆரம்பிக்கிறேன். 2017 மே மாசம் காமெடி நடிகை கேத்தி கிரிஃபின், டிரம்ப்பின் ரத்தம் சொட்டுற வெட்டுண்ட தலை மாதிரி ஒரு பொம்மையைப் பிடிச்சுப் படம் எடுத்தது அருவருப்பான வேலை, சிஎன்என் அவரைத் தன் புத்தாண்டு நிகழ்ச்சியிலேர்ந்து எடுத்தது சரி.

எண்ணிக்கை

சமந்தா பீ அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது.

அரைவட்டம்

எனக்குப் பிடிச்ச பக்கமே இல்ல. அதுவும் ஒரு தப்பித்தல்தான்னு தெரியும்.

ஒத்தையடி

ஓப்ரா தன் நிகழ்ச்சியில் மேடை கொடுத்து ஏற்றிவிட்ட மருத்துவர் ஒருவர் பிற்பாடு அதிசய எடைக்குறைப்பு மருந்துகளுக்காக 2014இல் செனட் குழு முன் திட்டு வாங்கினார். அவரை ஏற்றிவிட்டதில் ஓப்ராவுக்கும் பங்கு உண்டு.

நடுச்சாமம்

அவர் 2022ல பென்சில்வேனியா செனட்டுக்கு நின்னப்போ ஓப்ரா எதிராளியைத்தான் ஆதரிச்சாங்க, ஆனா

சரி சரி. அழிச்சிட்டேன்னு வெச்சுக்கோங்க.

மின்மினி

😀 கறார்? காத்திருக்கோம்.

மட்டுறுத்துநர்

நானும்தான்.

கறார்

நியூஜென்ட் ஒபாமாவைப் பத்தி 2014ல பேசினது இனவெறி, அபாட் அவரை மேடையேத்தினது தப்பு.

மின்மினி

முற்றுப்புள்ளியா?

கறார்

முற்றுப்புள்ளிதான் அக்கா. மேஹர் பேரை டைப் பண்ணி மூணு தடவை அழிச்சிட்டுத்தான் அனுப்பினேன்.